ஸ்டார் வார்ஸுக்குத் திரைக்கதை எழுதிய 62 வயதுப் பெண்... யார் இந்த லீ பிராக்கெட்?

ஹீரோயினைக் காப்பாற்ற ஹீரோ வருவார். இதுதானே நாம காலங்காலமா பார்த்த கதை? 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். வில்லன்களின் பிரமாண்ட விண்வெளிக் கோட்டையில் இளவரசி லேயா கைதியாக இருப்பார். லூக்கும் ஹான் சோலோவும் அவரை மீட்கப் போவார்கள். உள்ளே போனவர்களுக்கு வெளியே வரும் வழி தெரியாது. கடுப்பான லேயா துப்பாக்கியைப் பிடுங்கி, சுவரில் ஓட்டை போட்டு, எல்லோரையும் குப்பைக் குழாய்க்குள் குதிக்கச் சொல்வார். தியேட்டர் அதிர்ந்தது.

1980-ல் வந்த அடுத்த பாகமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' இன்னும் ஒரு படி மேலே போனது. மேகங்களுக்கு நடுவே மிதக்கும் நகரம். அதன் அடிப்பகுதியில், ஒரு கையை இழந்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார் லூக். தப்பித்துப் போய்க்கொண்டிருக்கும் விண்கலத்தைத் திருப்பச் சொல்லி அவரைக் காப்பாற்றுவது லேயா. எதிரி விமானங்கள் துரத்துகின்றன என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னாலும் அவர் கேட்பதில்லை. ஹீரோவை ஹீரோயின் காப்பாற்றுகிறார், அதுவும் எந்த பில்டப்பும் இல்லாமல்!

இந்தப் படத்தின் டைட்டிலில் திரைக்கதை என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் வரும். முதல் பெயர் லீ பிராக்கெட். படம் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. அந்தப் பெயரைப் பார்த்து யாரோ ஓர் ஆண் என்று நினைத்தவர்கள் ஏராளம். அப்படி நினைப்பதும் புதுசு இல்லை. அவர் வாழ்க்கை முழுக்க நடந்ததே அதுதான்.

கடற்கரையில் வளர்ந்த செவ்வாய்க் கிரகக் கனவு

1915 டிசம்பர் 7-ம் தேதி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார் லீ டக்ளஸ் பிராக்கெட். அவர் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அது 1918-ம் ஆண்டு, உலகையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா காலம். அதன் பிறகு அம்மாவோடும் தாத்தா பாட்டியோடும் கடற்கரை ஓரமாக வளர்ந்தார்.

பொம்மை, கவுன் என்று உட்காராமல் ஓடி ஆடிய பெண். சின்ன வயதில் எட்கர் ரைஸ் பரோஸ் எழுதிய செவ்வாய்க் கிரகக் கதை ஒன்று அவர் கைக்கு வந்தது. டார்ஜானைப் படைத்தவரேதான் இவர். வறண்ட கடல், சிதைந்த நகரம், வாள் வீரர்கள் என்று அந்தக் கதையில் இருந்த செவ்வாய், சிறுமியின் மண்டைக்குள் குடியேறிவிட்டது. அவ்வளவுதான்... வாழ்க்கையில் என்ன செய்யப்போகிறோம் என்பது முடிவாகிவிட்டது.

அவருடைய முதல் சிறுகதை 1940 பிப்ரவரியில், 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதை இதழில் வெளியானது. கதையின் களம்? வேறென்ன, செவ்வாய்தான். அப்போது அவருக்கு 24 வயது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் 'பல்ப்' இதழ்கள் என்று ஒரு வகை இருந்தது. மலிவான தாள், பளபளக்கும் அட்டை, உள்ளே துப்பறியும் கதைகளும் விண்வெளிச் சாகசங்களும். அட்டைப் படத்தில் பெரும்பாலும் ஒரு பெண் இருப்பார். ஏதோ ஒரு மிருகம் அவரைத் தூக்கிப் போகும்; அவர் அலறுவார். அந்த இதழ்களில் எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அதற்குள்தான் லீ நுழைந்தார். 'லீ' என்பது புனைபெயர் அல்ல, சொந்தப் பெயரேதான். ஆனால், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். கதையில் வரும் சண்டையையும் வேகத்தையும் பார்த்து, எழுதியவர் ஆண் என்று வாசகர்கள் முடிவு கட்டிக்கொண்டார்கள்.

எழுத வந்த புதிதில் சக எழுத்தாளர்களோடு ஒரு நல்ல கூட்டணியும் அமைந்தது. கடற்கரையில் லீ வாலிபால் ஆட வருவார். அவரைவிட 5 வயது சின்னவரான ஓர் இளைஞர், கையில் கதைத் தாள்களோடு வந்து காத்திருப்பார். அவர் கதையை லீ படித்துத் திருத்தம் சொல்வார், லீயின் கதையை அவர் படிப்பார். அந்த இளைஞர்தான் பின்னாளில் 'ஃபாரன்ஹீட் 451' எழுதி உலகப் புகழ் பெற்ற ரே பிராட்பரி.

ஆள் தேடிய இயக்குநர், அதிர்ந்த அலுவலகம்

1944-ல் லீயின் முதல் நாவல் வந்தது. இது விண்வெளிக் கதை இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் நடக்கும் ஒரு கறாரான துப்பறியும் கதை. அது ஹாலிவுட்டின் பெரிய இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் கையில் சிக்கியது. படித்தவர் அசந்துபோனார். அப்போது அவர் ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' நாவலைப் படமாக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். இந்த பிராக்கெட் என்கிற ஆளைக் கூப்பிடுங்கள் என்று தன் செயலாளரிடம் சொல்லிவிட்டார்.

வந்து நின்றது 28 வயதுப் பெண். அதிர்ச்சியை மறைத்துக்கொண்டு ஹாக்ஸ் வேலையைக் கொடுத்தார். அதுவும் யாரோடு சேர்ந்து? வில்லியம் ஃபாக்னரோடு! பின்னாளில் இலக்கிய நோபல் பரிசு வாங்கிய அதே ஃபாக்னர். நாவலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இது எனக்கு, அது உனக்கு என்று பங்கு போட்டு இருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதினார்கள்.

இந்த இடத்தில் ஹாலிவுட்டில் ஒரு கதை சொல்வார்கள். ஹீரோ ஹம்ப்ரி போகார்ட்டுக்குச் சில வசனங்கள் ரொம்ப மென்மையாகப் பட்டன. பெண் எழுதியது போலிருக்கிறது என்று லீயிடம் போய்ப் பேசினாராம். பார்த்தால், அந்த மென்மையான வசனங்கள் எல்லாம் ஃபாக்னர் எழுதியவை. போகார்ட்டுக்குப் பிடித்த முரட்டு வசனங்கள்தான் லீ எழுதியவை!

சினிமா வேலை வந்ததால் பாதியில் நின்றுபோன ஓர் அறிவியல் கதை லீயிடம் இருந்தது. அதை எடுத்து முடித்துக் கொடுத்தவர் ரே பிராட்பரி. 1946-ல் இருவர் பெயரிலும் அது வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 31-ம் தேதி, எட்மண்ட் ஹாமில்டன் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரை லீ திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைத் தோழன் யார் தெரியுமா? அதுவும் பிராட்பரிதான்.

முகமூடிக்குள் இருந்தவள்

திருமணத்துக்குப் பிறகு தம்பதி ஒஹாயோ மாநிலத்தின் கின்ஸ்மன் என்ற சின்ன ஊரில், பழைய பண்ணை வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். ஒரே வீட்டில் இரண்டு எழுத்தாளர்கள், இரண்டு டைப்ரைட்டர். எட்மண்ட் கதையின் கடைசி வரி வரை திட்டம் போட்டுவிட்டுத்தான் எழுத உட்காருவார். லீக்கு அதெல்லாம் ஆகாது. முதல் வரியை அடித்துவிட்டு, கதை எங்கே போகிறதோ அங்கே போவார். அதனாலேயே இருவரும் சேர்ந்து எழுதியது அபூர்வம்.

இந்தக் காலகட்டத்தில்தான் 'பிளானெட் ஸ்டோரீஸ்' இதழில் அவர் கொடி பறந்தது. விண்வெளிச் சாகசக் கதைகளின் ராணி என்ற பட்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. அவருடைய புகழ்பெற்ற நாயகன் எரிக் ஜான் ஸ்டார்க். புதன் கிரகத்தின் பழங்குடிகளால் வளர்க்கப்பட்டு, சூரியனில் கருத்த தோலோடு, எந்த உலகத்திலும் முழுசாக ஒட்டாமல் அலையும் ஒருவன். வெள்ளைத்தோல் ஹீரோக்களே நிறைந்திருந்த 1949-ல் இப்படி ஒரு நாயகன்!

1951-ல் வந்த ஸ்டார்க் கதை ஒன்றில்தான் நாம் தேடிவந்த விஷயம் இருக்கிறது. 'பிளாக் அமேசான் ஆஃப் மார்ஸ்' என்பது கதையின் பெயர். செவ்வாயின் வடக்கே, பனி சூழ்ந்த நிலம். முரட்டுக் கூட்டங்களைத் திரட்டி ஒரு நகரத்தின் மீது படையெடுத்து வருகிறான் கியாரன் என்ற தலைவன். கறுப்புக் கவசம், கறுப்பு முகமூடி, கையில் கோடாலி. அவன் முன்னால் எல்லோரும் நடுங்குகிறார்கள். சண்டையின் நடுவே ஸ்டார்க் அந்த முகமூடியைப் பிடுங்குகிறான். உள்ளே இருப்பது ஒரு பெண்.

சரி, இனிமே அவ ஹீரோவைக் காதலிச்சு, வாளைக் கீழே போட்டுடுவா... அதானே? இல்லை. ரகசியம் வெளிப்பட்ட பிறகும் அவள் தலைவிதான். கோடாலி அவள் கையில்தான் இருக்கும். ஸ்டார்க்கோடு அவளுக்கு உறவு வருகிறது. அதற்காக அவள் தன் லட்சியத்தைக் கழற்றி வைப்பதில்லை. முகமூடி போட்ட வீரன் பெண் என்று தெரியவரும் காட்சி இன்று வெப் சீரிஸ்களில் அடிக்கடி வருகிறது. 1951-ல் அதைப் படித்த ஒரு பையன் அட்டைப் படத்தில் அலறும் பெண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே புரட்டியிருப்பான். உள்ளே இருந்தது வேறு மாதிரி!

ஒன்றையும் மறைக்காமல் சொல்லணும். லீயின் கதைகளில் மையத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். அன்றைய சந்தை அப்படி. அவருக்கும் அந்த ஆண்களை எழுதப் பிடித்திருந்தது. ஆனால், அந்த ஆண்கள் எதிரே வந்து நிற்கும் பெண்கள் அலங்காரப் பொம்மைகள் அல்ல. அவர்களுக்கு என்று ஒரு வேலை, ஒரு கோபம், ஒரு கணக்கு இருந்தது.

1955-ல் வந்த 'தி லாங் டுமாரோ' நாவல் அவருடைய சிறந்த படைப்பாகப் பலரால் சொல்லப்படுகிறது. அணு ஆயுதப் போருக்குப் பிறகான அமெரிக்கா. 1,000 பேருக்கு மேல் ஓர் ஊரில் வாழக் கூடாது என்று சட்டம். நகரங்களே பாவம், இயந்திரங்களே பாவம் என்று நம்பும் சமூகம். அங்கே ரேடியோவைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் இரண்டு பையன்கள். ஒஹாயோவில் தன் வீட்டைச் சுற்றி எளிய வாழ்க்கை வாழ்ந்த ஆமிஷ் மக்களைப் பார்த்துத்தான் இந்தக் கற்பனை லீக்கு வந்தது. அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோவுக்கு 1956-ல் இந்த நாவல் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. சிறந்த நாவல் பிரிவில் அந்தப் பட்டியலுக்குள் வந்த முதல் பெண் லீ பிராக்கெட்தான்.

பூந்தொட்டியை எறிந்த பெண்

அதே 1955-ல் 'பிளானெட் ஸ்டோரீஸ்' இதழ் மூடப்பட்டது. பல்ப் இதழ்களின் காலம் முடிந்தது. பல எழுத்தாளர்கள் காணாமல் போனார்கள். லீக்கு ஹாலிவுட் கதவு திறந்தே இருந்தது. ஹாக்ஸ் மறுபடி அழைத்தார்.

1959-ல் வந்த 'ரியோ பிராவோ', 1962-ல் 'ஹட்டாரி', 1966-ல் 'எல் டொராடோ', 1970-ல் 'ரியோ லோபோ' என்று வரிசையாக ஜான் வெய்ன் நடித்த படங்கள். எல்லாம் குதிரை, துப்பாக்கி, வேட்டை என்று பக்கா ஆண்கள் படங்கள். அவற்றின் திரைக்கதையில் லீயின் பெயர் இருந்தது.

ஹாக்ஸ் படங்களின் பெண்கள் தனி ரகம். ஆண்களுக்குச் சமமாக வாயாடுவார்கள், பயப்பட மாட்டார்கள், காதலையும் அவர்களே முதலில் சொல்வார்கள். பின்னாளில் விமர்சகர்கள் இதற்கு 'ஹாக்ஸியன் பெண்' என்று பெயரே வைத்தார்கள். 'ரியோ பிராவோ'வில் சீட்டாடும் பெண்ணாக வரும் ஃபெதர்ஸ் ஒரு நல்ல உதாரணம். ஊரின் ஷெரிஃப்பை வில்லனின் ஆட்கள் சுற்றி வளைத்து நிற்பார்கள். ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு பூந்தொட்டி வெளியே பறந்து வரும். எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் ஆட்டம் தலைகீழாக மாறும். எறிந்தது ஃபெதர்ஸ்!

எல்லாம் சுகமாக நடந்ததா என்றால், இல்லை. 'எல் டொராடோ'வுக்கு லீ முதலில் எழுதியது சோகமான ஒரு கதை. தான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று அவர் நினைத்தார். ஆனால், ஹாக்ஸ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, 'ரியோ பிராவோ' சாயலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். லீ சண்டை போட்டுப் பார்த்தார். நடக்கலை. கேட்டதை எழுதிக் கொடுத்தார். எழுத்து அவருக்குத் தொழில். பெயருக்குப் பின்னால் இப்படி எத்தனையோ கிழித்தெறியப்பட்ட பக்கங்கள் இருந்தன.

1965-ல் இன்னொரு அடி. நாசாவின் மரைனர் 4 விண்கலம் செவ்வாயை நெருங்கிப் படம் எடுத்து அனுப்பியது. பள்ளமும் மேடுமாக, உயிரில்லாத தரை. லீ வாழ்நாள் முழுக்க எழுதிய ராணிகளும் பழைய நகரங்களும் அங்கே இல்லை என்று 21 கறுப்பு வெள்ளைப் படங்கள் சொல்லிவிட்டன. அவர் என்ன செய்தார்? தன் நாயகன் ஸ்டார்க்கைத் தூக்கி, சூரியக் குடும்பத்துக்கே வெளியே, ஸ்கைத் என்ற கற்பனைக் கிரகத்துக்கு அனுப்பிவிட்டார். 1974 முதல் 1976 வரை அதில் மூன்று நாவல்கள் வந்தன. செவ்வாய் போனா என்ன, வானம் பெருசு!

கடைசி வேலை

1977 பிப்ரவரியில் எட்மண்ட் ஹாமில்டன் இறந்தார். 30 ஆண்டுத் துணை. அடுத்த மூன்று மாதத்தில் 'ஸ்டார் வார்ஸ்' வெளியாகி உலகமே பைத்தியம் பிடித்ததுபோல் தியேட்டருக்கு ஓடியது. எட்மண்டும் லீயும் அந்த மலிவுத் தாள்களில் பல ஆண்டுகளாக எழுதிய உலகம் அது. விண்கலத்தில் துரத்தல், பாழடைந்த கிரகங்கள், வாள்வீச்சு. ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட கதைகள் இப்போது உலகின் பெரிய பிசினஸ்.

அந்த ஆண்டின் கடைசியில், இரண்டாம் பாகத்துக்குத் திரைக்கதை எழுத ஜார்ஜ் லூகாஸ் லீயை அழைத்தார். சில நாள்கள் இருவரும் உட்கார்ந்து கதை பேசினார்கள். பனிக் கிரகத்தில் போர், சதுப்பு நிலத்தில் ஒரு வயதான குரு, மேக நகரம், லேயாவுக்கும் ஹானுக்கும் இடையே காதலா சண்டையா என்று புரியாத உறவு... எல்லாம் அந்தப் பேச்சில் உருவானவை. லீ வீட்டுக்குப் போய் எழுத ஆரம்பித்தார். உடலில் புற்றுநோய் முற்றிக்கொண்டிருந்தது. 1978 பிப்ரவரியில் முதல் பிரதியை முடித்துக் கொடுத்தார். மார்ச்சில் இறந்துபோனார். வயது 62.

அவருடைய பிரதி அப்படியே படமாகவில்லை. அதில் டார்த் வேடர் லூக்கின் அப்பா கிடையாது. அப்பா தனியாக ஓர் ஆவியாக வருவார். லூக்கின் இரட்டைச் சகோதரியும் லேயா அல்ல, நெல்லித் என்று வேறொருத்தி. நாம் யோடா என்று கொஞ்சும் குருவின் பெயர் அதில் மின்ச். லூகாஸுக்கு அந்தப் பிரதி திருப்தி தரவில்லை. திருத்தம் பேச லீயும் இல்லை. லூகாஸே அடுத்த பிரதிகளை எழுதினார். அதன் பிறகு லாரன்ஸ் காஸ்டன் என்ற இளைஞர் வந்து மெருகேற்றி முடித்தார்.

அப்படியென்றால் படத்தில் லீக்கு என்ன பங்கு? இந்த விவாதம் ரசிகர்களிடையே இன்றும் ஓடுகிறது. படத்தின் எலும்புக்கூடு அவர் பிரதியிலேயே இருந்தது என்பார்கள் சிலர். படத்தில் நாம் கேட்கும் வசனங்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவை என்பார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் வசனத்தை எண்ணிக்கொண்டிருந்தால் பெரிய விஷயம் ஒன்று தப்பிப்போகும். அந்தப் படத்தின் லேயா, பனிக் கிரகத்தில் போர் வீரர்களுக்கு உத்தரவு போடுகிறார். காதலிக்கும் ஆணோடு சரிக்குச் சரி சண்டை போடுகிறார். கடைசியில் கலத்தைத் திருப்புகிறார். அவரோட அக்காக்கள் யார்னு தேடினா, கோடாலி ஏந்திய கியாரனும் பூந்தொட்டி எறிந்த ஃபெதர்ஸும் வந்து நிற்பாங்க. அந்தப் பெண்களை 30 வருஷமா எழுதி, சண்டைப் படத்தில் பெண்ணும் ஆணும் சமமாகப் பேசலாம் என்று பழக்கிவிட்டவர்களில் லீ முக்கியமானவர்.

லூகாஸ் ஒன்று செய்தார். பிரதி மாறினாலும் பெயரை எடுக்கவில்லை. 1980 மே மாதம் படம் வந்தபோது, திரையில் லீ பிராக்கெட் பெயர் முதலில் வந்தது. 1981-ல் படத்துக்கு ஹியூகோ விருது கிடைத்தது. 25 வருஷத்துக்கு முன்னால் கைக்கு எட்டாமல் போன அதே விருது.

அதோடு முடியலை. 2014-ல் அறிவியல் புனைகதை, ஃபேன்டசி சாதனையாளர்களுக்கான 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் அவர் சேர்க்கப்பட்டார். பழைய ஆண்டுகளுக்குப் பின்தேதியிட்டு வழங்கும் ரெட்ரோ ஹியூகோ விருதும் 2020-ல் அவருக்குக் கிடைத்தது. எதற்கு? 1944-ல் அந்த மலிவுத் தாளில் வந்த ஒரு செவ்வாய்க் கதைக்கு.

ஸ்ட்ராங்கான ஹீரோயின் என்றால் பத்து பேரை அடிப்பவர் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். லீயின் கணக்கு வேறு. கதையில் அவளுக்குச் சொந்தமாக ஒரு முடிவு எடுக்க இடம் இருக்கணும். அந்த முடிவால் கதையின் போக்கு மாறணும். அவ்வளவுதான். அடுத்த தடவை ஓடிடியில் 'எம்பயர்' ஓடும்போது, ஆரம்பத்தில் டைட்டிலைத் தேடாதீங்க, அங்கே இருக்காது. படம் முடிஞ்சதும் 'ஸ்கிப்' பட்டனைத் தட்டாம கொஞ்சம் பொறுங்க. லீ பிராக்கெட் பெயர் அங்கேதான் வரும்.